மருந்தும் குரங்கும்: வேண்டா நினைவுகளின் வரலாறு

மருந்து கொடுத்த வைத்தியர், அதனை உண்ணும்போது குரங்கை மட்டும் நினைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன கதையை அறியாத தமிழர் இலர். அந்த நோயாளி அதுவரையில் குரங்கைப் பற்றி எண்ணியவனே அல்லன். ஆனால் மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்தபோதெல்லாம் குரங்கு வந்து எதிரில் அமர்ந்துகொண்டது. மருந்தும் உள்ளே செல்லவில்லை, நோயும் தீரவில்லை. பாட்டிமார் சொல்லக் கேட்டுச் சிரித்து மறந்த இச்சிறு கதைக்குள், மனித மனத்தைப் பற்றிய ஒரு பேருண்மை பொதிந்து கிடப்பதை நாம் அன்று உணர்ந்தோமில்லை.

குரங்கு என்றால் நகைத்துவிடலாம். மனத்துள் வலிந்து நுழையும் நினைவு எப்போதும் குரங்காக இருப்பதில்லை. சந்நிதியில் கைகுவித்து நிற்கும் பக்தரின் உள்ளத்தில், அதே கணத்தில், தெய்வத்தை இகழும் சொல்லொன்று எழுகிறது. மகவை மார்போடு அணைத்திருக்கும் இளந்தாயின் மனத்தில், இக்குழந்தையை நானே கீழே போட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற நினைவு மின்னலெனப் பாய்கிறது. ஒழுக்கத்தையே உயிராக ஓம்பி வாழ்ந்த முதியவரின் கண்முன் அருவருப்பான காட்சியொன்று வந்து நிற்கிறது. இவர்கள் தீயவர் அல்லர். அந்நினைவை விரும்பியவரும் அல்லர். எனினும், "இப்படியும் நினைக்கிறேனே, நான் எத்தகையவன்!" என்று உள்ளுக்குள் நடுங்குகின்றனர். நடுங்குவதை எவரிடமும் சொல்வதும் இல்லை.

இத்தகைய நினைவுகளை நாம் இங்கே 'வேண்டா நினைவுகள்' என்று அழைப்போம். இவற்றின் வரலாறு மிக நீண்டது. அவ்வரலாற்றை ஊன்றி நோக்கினால் ஒன்று புலனாகும். வேண்டா நினைவு தோன்றுவது குற்றமன்று என்பதையும், அதனோடு பொருதும் போரே அதனை வளர்க்கிறது என்பதையும் வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு காலங்களில், ஒருவரையொருவர் அறியாமலே கண்டுணர்ந்துள்ளனர். கண்டதை உலகம் மறந்தது. மறந்ததை மீண்டும் கண்டது. அக்கதையைச் சுருக்கமாகக் காண்போம்.

தச்சன் அடித்த ஆப்பு

பாரத நாட்டில் மனத்தை ஆய்ந்தவர்கள் பலர். மனம் காற்றைப் போல அடக்கற்கரியது என்று அர்ச்சுனன் முறையிட்டதும், பழக்கத்தாலும் பற்றின்மையாலும் அதனை வசப்படுத்தலாம் என்று கண்ணன் விடையளித்ததும் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் உள்ளன. தீய எண்ணங்கள் இடையூறு செய்யும்போது அவற்றுக்கு எதிரானவற்றைப் பாவிக்க வேண்டும் என்பது பதஞ்சலியின் யோக சூத்திரம் காட்டும் வழி. ஆயினும் இப்பொருளையே தனியே எடுத்து, படிப்படியாக விளக்கும் பழம்பெரும் ஏடு பாலி மொழியில் உள்ளது. பௌத்தர்களின் மச்சிம நிகாயத்தில் இருபதாவதாக அமைந்த வித்தக்கசண்டான சுத்தம் என்பது அது. பாலித் திருமுறைகள் கி.மு. முதல் நூற்றாண்டில் இலங்கையில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றன என்பது மரபு.

வேண்டாத எண்ணம் எழும்போது துறவி மேற்கொள்ளத்தக்க ஐந்து வழிகளை இச்சுத்தம் வரிசையாக உரைக்கிறது. முதலாவது, தச்சன் சிறிய ஆப்பைக் கொண்டு பெரிய ஆப்பை வெளியேற்றுவதைப் போல, நல்லெண்ணத்தால் தீயெண்ணத்தை மாற்றுதல். இரண்டாவது, அவ்வெண்ணத்தின் கேட்டினை எண்ணிப் பார்த்தல். அணிகலன் விரும்பும் இளையோர் தம் கழுத்தில் பிணத்தைக் கட்டினால் எவ்வாறு வெறுப்பரோ, அவ்வாறு வெறுத்தல். மூன்றாவது, காண விரும்பாததைக் கண்டவன் கண்ணை மூடிக்கொள்வதைப் போல, அதனைப் பொருட்படுத்தாமல் விடுதல். நான்காவது, எண்ணத்தின் விரைவை மெல்ல மெல்லத் தணித்தல். விரைந்து நடப்பவன், ஏன் விரைகிறோம் என்று எண்ணி மெதுவாக நடந்து, பின் நின்று, பின் அமர்ந்து, இறுதியில் படுத்து இளைப்பாறுவதைப் போன்றது அது. இவை யாவும் பயனற்றுப் போனால் ஐந்தாவதாக, வலியவன் மெலியவனைப் பிடித்து அடக்குவதைப் போல, பல்லைக் கடித்துக்கொண்டு மனத்தை மனத்தால் அடக்குதல்.

இவ்வரிசை முறையை உற்றுநோக்க வேண்டும். மனத்தோடு மல்லுக்கு நிற்பதைத்தான் நாம் இயல்பாக முதலில் செய்கிறோம். சுத்தமோ அதனை ஐந்தாம் இடத்தில், வேறு வழியே இல்லாதபோது மட்டும் கொள்ளத்தக்கதாக வைத்துள்ளது. பொருட்படுத்தாமல் விடுதலும், மெல்லத் தணியவிடுதலும் அதற்கு முன்னே நிற்கின்றன. எண்ணம் எழுந்தமைக்காகத் துறவியைப் பழிக்கும் சொல் அதில் இல்லை. அவனை நோக்கி எழும் வினா, இனி என்ன செய்யப் போகிறாய் என்பதேயாகும்.

எட்டு எண்ணங்கள் ஏழு பாவங்களான கதை

பௌத்த மடங்களில் இவ்வாறு மனம் ஆராயப்பட்டதைப் போலவே, எகிப்து நாட்டுப் பாலைவனத்திலும் அஃது ஆராயப்பட்டது. கி.பி. நான்காம் நூற்றாண்டில் கிறித்தவத் துறவியர் பலர் நகரங்களை நீத்து அங்குக் குடிசை அமைத்து வாழ்ந்தனர். அவர்களுள் கல்வியிற் சிறந்தவர் எவாகிரியுஸ். இன்றைய துருக்கியின் வடகரையில் பிறந்து, கான்ஸ்டாண்டிநோபிளில் புகழோடு வாழ்ந்து, அதனைத் துறந்து பாலைவனம் புகுந்தவர். 399ஆம் ஆண்டில் மறைந்தவர்.

நகரத்தை விட்டு வந்த துறவியை நகரத்து நினைவுகள் விட்டனவா? இல்லை. தனிமையில் அவை பெருகின. எவாகிரியுஸ் அவற்றை எட்டு வகையாகப் பிரித்தார். உணவு, காமம், பொருள், துயரம், சினம், சோர்வு, வீண்புகழ், செருக்கு ஆகியவை பற்றிய எண்ணங்கள் அவை. இவை மனத்தைத் தொந்தரவு செய்வதும் செய்யாதிருப்பதும் நம் ஆட்சியில் இல்லை. தங்குவதற்கு இடம் கொடுப்பதும் கொடாதிருப்பதும் மட்டுமே நம் ஆட்சியில் உள்ளன என்பது அவருடைய தெளிவு. கதவைத் தட்டுபவனையும் விருந்தினனாக ஏற்கப்பட்டவனையும் வேறுபடுத்திய தெளிவு இது.

ஆனால் காலம் செல்லச் செல்ல இவ்வேறுபாடு மங்கியது. எவாகிரியுசின் எட்டு எண்ணங்களை அவருக்குப் பின்வந்த காசியன் மேலைநாட்டிற்குக் கொண்டு சென்றார். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப்பாண்டவர் கிரகோரியார் அவற்றை மாற்றியமைத்தார். அவ்வழியில் வந்தவையே இன்று உலகம் அறிந்த ஏழு தலையாய பாவங்கள். எண்ணம் என்று தொடங்கியது பாவம் என்று முடிந்தது. இறையியல் அறிஞர்கள் எண்ணத்திற்கும் இசைவிற்கும் உள்ள வேறுபாட்டை மறந்தாரல்லர். எளிய மக்களின் உள்ளத்திலோ, நினைத்தாலே பாவம் என்ற அச்சம் வேரூன்றிவிட்டது.

மூத்தோரின் கழுத்து

அவ்வச்சம் துறவியரையும் விட்டுவைக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் சினாய் மலை மடத்தின் தலைவராக இருந்த யோவான் கிளிமாக்கஸ், 'ஏணி' என்று வழங்கப்பெறும் தம் நூலில், இறைவனை இகழும் வேண்டா நினைவுகளைப் பற்றித் தனியே எழுதியுள்ளார். அங்கே அவர் கூறும் நிகழ்ச்சியொன்று நெஞ்சை நெகிழ்விப்பது.

பக்தி மிக்க துறவி ஒருவரை இத்தகைய நினைவுகள் இருபது ஆண்டுகள் வாட்டின. அவர் நோன்பிருந்தார், இரவெல்லாம் கண்விழித்தார், உடலை வருத்தினார். பயன் ஒன்றும் விளையவில்லை. இறுதியில், வாயால் சொல்ல நாணி, அந்நினைவைத் தாளில் எழுதி ஒரு மூத்த துறவியிடம் கொடுத்துவிட்டு, அவர் முகத்தை நோக்க அஞ்சித் தரையில் விழுந்து கிடந்தார். மூத்தவர் படித்தார், புன்னகை செய்தார். இளையவரை எழுப்பி, அவர் கையைத் தம் கழுத்தின்மேல் வைக்கச் சொன்னார். இதுவரை வந்ததும் இனி வரப்போவதுமாகிய இப்பாவம் முழுவதையும் தாம் ஏற்றுக்கொள்வதாகவும், இனி அதனைப் பொருட்படுத்தாதிருந்தால் போதும் என்றும் கூறினார். அந்த அறையை விட்டு வெளியே வருமுன்பே அத்துறவியின் துன்பம் நீங்கிற்றாம். துன்புற்றவர் வாயிலாகவே இதனைக் கேட்டதாகக் கிளிமாக்கஸ் எழுதுகிறார்.

இருபது ஆண்டு நோன்பு செய்யாததை ஒரு புன்னகை செய்தது எவ்வாறு? மூத்தவர் அந்நினைவை எதிர்த்து வாதிடவில்லை. அதற்குக் கழுவாயும் விதிக்கவில்லை. அதற்கு இருந்த அச்சம் என்னும் உணவை நிறுத்தினார். சொல்ல முடியாதது சொல்லப்பட்டது, கேட்டவர் திடுக்கிடவில்லை. அவ்வளவே நிகழ்ந்தது.

ஐயத்தில் அகப்பட்ட இருவர்

மேலைநாட்டு வரலாற்றில் இத்துன்பத்தைத் தாமே எழுதிவைத்த பெரியோர் இருவரை இனிக் காண்போம். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் அம்மரபை எதிர்த்த சீர்திருத்தச் சமயத்தவர். சமயப் பிரிவு எதுவாயினும் துன்பம் ஒன்றாகவே இருந்தது.

முதலாமவர் லொயோலா இஞ்ஞாசியார். வீரமாமுனிவரைத் தமிழுக்குத் தந்த இயேசு சபையை 1540இல் நிறுவியவர் இவரே. படைவீரராக இருந்த இவர் 1521இல் பாம்பலோனாக் கோட்டைப் போரில் குண்டடிபட்டு, நோய்ப்படுக்கையில் மனம் மாறினார். அடுத்த ஆண்டு மொன்செராத் மடத்தில், தம் வாழ்நாள் பாவங்களை எழுதிவைத்து மூன்று நாள் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஆயினும் மன்ரேசா என்னும் ஊரில் தங்கியபோது, எதையோ சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற ஐயம் அவரைப் பற்றியது. மீண்டும் சொன்னார், மீண்டும் ஐயம் எழுந்தது. ஒருமுறை சொன்னால் ஒருகணம் ஆறுதல். மறுகணம் புதிய ஐயம். தங்கியிருந்த அறையிலிருந்த குழியில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் உந்துதலும் பலமுறை எழுந்தது. இறுதியில், கடந்தகாலப் பாவங்களை இனி ஒருபோதும் திரும்பச் சொல்வதில்லை என்று உறுதி பூண்டார். அன்றே விடுதலை பிறந்தது. ஆறுதல் தேடி மீண்டும் மீண்டும் செய்யும் செயலே நோயை நிலைபெறச் செய்கிறது என்பதை அவர் தம் வாழ்வால் கண்டார்.

மற்றவர் ஆங்கிலேய நாட்டு ஜான் பனியன். 1628இல் பெட்ஃபோர்டு அருகே பிறந்தவர். பாத்திரம் பழுதுபார்க்கும் தொழிலினர். அரசின் இசைவின்றிச் சமயவுரை ஆற்றியதற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார். அங்கிருந்து 1666இல் அவர் வெளியிட்ட தன்வரலாறு, வேண்டா நினைவின் கொடுமையை உள்ளிருந்து காட்டும் ஆவணமாகும். ஓராண்டுக் காலம், கிறித்துவை விற்றுவிடு என்ற சொல் அவர் மனத்தில் ஓயாது ஒலித்தது. உண்ணும்போதும், விறகு வெட்டும்போதும், கீழே கிடந்த குண்டூசியை எடுக்கக் குனியும்போதும், இதற்காக விற்றுவிடு, அதற்காக விற்றுவிடு என்று அது துரத்தியது. மாட்டேன், மாட்டேன் என்று அவர் விடையிறுத்துக்கொண்டே இருந்தார். உடலும் அப்போரில் கலந்துகொண்டது. கைகளாலும் முழங்கைகளாலும் எதிரியைத் தள்ளுபவர் போலத் தள்ளினார். ஒருநாள் காலையில் களைத்துப்போன அவர் மனம், வேண்டுமானால் போகட்டும் என்று சோர்ந்து சொல்லிவிட்டது. அவ்வொரு கணத்துக்காக, தமக்கு மீட்பே இல்லை என்று நெடுங்காலம் அழுதார்.

பனியன் பின்னர் 1678இல் உலகப் புகழ்பெற்ற 'மோட்சப் பிரயாணம்' என்னும் உருவகக் கதையை வெளியிட்டார். அக்கதையைத் தழுவியே நெல்லைச் சீமைக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை இயற்றித் தமிழுக்கு அணி செய்தார். பனியனின் மூலக்கதையில் மரண இருளின் பள்ளத்தாக்கைப் பயணி கடக்கும்போது, தீயோன் ஒருவன் பின்னால் வந்து இறைநிந்தனைச் சொற்களைக் காதில் ஓதுகிறான். பயணியோ அவை தன் மனத்திலிருந்தே எழுவதாக எண்ணிக் கலங்குகிறான். தம் வாழ்வின் பெருந்துயரத்தைத்தான் பனியன் அங்கே வரைந்துள்ளார். அந்தக் குரலும் நானும் ஒன்றல்ல என்று அறியாமையே பயணியின் துன்பம்.

பனியன் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின், 1692இல், நாரிச் நகர ஆயர் ஜான் மூர் அரசி மேரியின் முன்னிலையில் ஓர் உரை நிகழ்த்தினார். வழிபாட்டின் நடுவே இத்தகைய நினைவுகளால் துன்புறுவோர் பெரும்பாலும் நல்லோரே என்றும், அந்நினைவுகளோடு கடுமையாகப் போராடினால் அவை பெருகும் என்றும், அவற்றுக்கு அஞ்சிக் கடமைகளைக் கைவிடலாகாது என்றும் அவர் எடுத்துரைத்தார். பாலைவனத்தார் அறிந்திருந்தது இலண்டன் அரண்மனையில் மீண்டும் ஒலித்தது.

மருத்துவர் கைக்கு வந்த பொருள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்துன்பம் குருமார் கையிலிருந்து மருத்துவர் கைக்கு மாறத் தொடங்கியது. பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட நூலில், முப்பத்துநான்கு வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார். பிறர் பொருள் தம்மையறியாமல் தம்மிடம் ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ, கணக்கில் தவறி யாருக்கேனும் இழப்பு விளைவித்துவிட்டோமோ என்ற அச்சம் அவரை ஆட்டிவைத்தது. அச்சம் பொருளற்றது என்பதை அவரே நன்கறிந்திருந்தார். அறிவு தெளிவாக இருக்கவும் எண்ணம் அடங்காதிருக்கும் இந்நிலையை 1877இல் ஜெர்மானிய மருத்துவர் வெஸ்ட்பால் வரையறுத்தார். அறிவு பழுதுறாமலே, விருப்பத்திற்கு மாறாக முன்வந்து நிற்கும் எண்ணங்கள் இவை. உடையவரே இவற்றைத் தமக்கு அயலானவை என்று உணர்கிறார் என்பது அவர் கருத்து. பித்தினின்றும் இதனை வேறுபடுத்திய பெருமை அவ்வரையறைக்கு உண்டு. இன்று மருத்துவர்கள் ஓ.சி.டி. என்றும், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்றும் வழங்கும் நோய்க்கு இதுவே அடிப்படையாயிற்று.

ஆயினும் மருத்துவம் நெடுநாள் மற்றொரு தவற்றைச் செய்தது. இத்தகைய எண்ணங்கள் நோயாளிக்கே உரியவை என்று கருதிற்று. அக்கருத்தை உடைத்த ஆய்வு 1978இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. செய்தவர் இருவர். ஒருவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ராக்மன். மற்றவர் இலங்கையில் பிறந்த பத்மல் த சில்வா. எந்த மனநோயும் இல்லாத பொதுமக்களை வினவியபோது, ஏறத்தாழ ஐந்தில் நால்வர் தமக்கும் இத்தகைய வேண்டா நினைவுகள் வருவதுண்டு என்றனர். நோயாளியின் நினைவுகளையும் பிறர் நினைவுகளையும் கலந்து காட்டியபோது, எது எவருடையது என்று பிரித்தறிவது வல்லுநர்க்கும் எளிதாக இருக்கவில்லை. 2014இல் வெளியான பேராய்வொன்றில், பதின்மூன்று நாடுகளைச் சேர்ந்த 777 பல்கலைக்கழக மாணவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுமூவருக்கு மேற்பட்டோர், முந்தைய மூன்று மாதங்களில் ஒருமுறையேனும் இத்தகைய நினைவு வந்ததாகக் கூறினர்.

எனில், நோயாளிக்கும் பிறருக்கும் வேறுபாடு யாது? நினைவில் இல்லை, நினைவுக்குக் கொடுக்கும் பொருளில் உள்ளது. பெரும்பாலோர், இஃதென்ன பைத்தியக்கார எண்ணம் என்று கடந்துவிடுகின்றனர். சிலரோ, இது வந்ததென்றால் நான் கொடியவன் என்றும், நினைத்தமையாலேயே அது நடந்துவிடும் என்றும் அஞ்சுகின்றனர். இவ்விளக்கத்தை 1985இல் சால்கோவ்ஸ்கிஸ் என்பாரும், 1997இல் ராக்மனும் கோட்பாடாக வளர்த்தனர். மனச்சான்று கூர்மையாக உள்ளவர்களே மிகுதியும் வருந்துவதன் காரணமும் இதனால் விளங்குகிறது. குழந்தையை உயிராகக் கருதும் தாயைத்தான் குழந்தையைப் பற்றிய தீநினைவு நடுங்கச் செய்யும். பக்தியற்றவனை இறைநிந்தனை நினைவு வருத்துவதில்லை.

பத்மல் த சில்வா இத்துடன் நில்லாமல், நாம் மேலே கண்ட பாலிச் சுத்தத்தின் ஐந்து வழிகளை எடுத்து, இருபதாம் நூற்றாண்டு மனச்சிகிச்சை முறைகளோடு ஒப்பிட்டு 1980களில் எழுதினார். இலங்கையில் ஏட்டில் ஏறியது, இலங்கையில் பிறந்த அறிஞர் ஒருவரால் இலண்டன் மருத்துவ உலகுக்கு அறிமுகமாயிற்று.

வெண்கரடியும் நம் குரங்கும்

பாட்டி சொன்ன குரங்குக் கதைக்கு ஆய்வுச்சாலைச் சான்று கிடைத்த ஆண்டு 1987. உருசிய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1863இல் எழுதிய பயணக் குறிப்புகளில், வெண்கரடியை நினைக்காதிருக்க முயன்றால் அதுவே ஓயாமல் நினைவுக்கு வரும் என்று குறிப்பிட்டிருந்தார். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதனையே சோதனையாக்கினார். மாணவர்களை ஐந்து நிமிடம் தனியே அமரச் செய்து, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லுமாறும், வெண்கரடியை மட்டும் நினைக்க வேண்டாம் என்றும், நினைவு வந்தால் மணியை அடிக்குமாறும் பணித்தார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பின்னர், இனி வெண்கரடியை நினைக்கலாம் என்றபோது, முன்பு அடக்க முயன்ற மாணவர்கள், முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைக் காட்டிலும் மிகுதியாக நினைத்தனர். அடக்கிய நினைவு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

காரணம் எளிது. ஒன்றை நினைக்கவில்லை என்று உறுதிசெய்ய, அது வந்ததா வந்ததா என்று மனம் காவல் இருக்க வேண்டும். காவலுக்கு நிற்பவன் கள்வனை மறப்பது எங்ஙனம்?

இவ்வறிவின்மேல் எழுந்ததே இன்றைய சிகிச்சை. 1966இல் இலண்டனில் விக்டர் மேயர் என்பவர், அச்சத்தைத் தணிக்க நோயாளி செய்யும் கழுவுதல், சரிபார்த்தல் போன்ற செயல்களைச் செய்யவிடாமல், அச்சத்தோடு சிறிதுநேரம் இருக்கப் பழக்கினார். அச்சம் தானே தணிந்தது. இஞ்ஞாசியார் மன்ரேசாவில் தாமே கண்ட வழியும் இதுவே. மறு ஆண்டில் குளோமிப்ரமின் என்னும் மருந்து இந்நோய்க்குப் பயன்படுவதை ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் அறிவித்தனர். அதன்பின் வேறு பல மருந்துகளும் வந்துள்ளன. இன்று இது தீர்க்கவியலாத விதியன்று. சிகிச்சைக்கு இணங்கும் நோய்.

வள்ளுவர் சொன்னது எதனை?

நம்மவர்க்கு இங்கே ஓர் ஐயம் எழலாம். கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர், மனத்தால் நினைப்பதும் தீது என்றாரே என்பது அது. குறளை ஊன்றிப் படித்தால் ஐயம் நீங்கும். பிறன் பொருளை வஞ்சித்துக் கவர்வோம் என்று உள்ளம் கொள்ளும் முடிவையே அவர் தீது என்றார். அங்கே உள்ளம் திட்டமிடுகிறது, விரும்புகிறது, துணிகிறது. வேண்டா நினைவில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அதனைக் கண்டு உள்ளம் அருவருக்கிறது, ஓடி ஒளிகிறது. கள்வனின் திட்டத்தையும், கள்வனைக் கனவில் கண்டு அலறியவனின் அச்சத்தையும் ஒன்றெனக் கொள்ளல் அறமாகாது. அறநூல் தந்த தெய்வப்புலவரை மனநோய்க்குத் துணையாக்குதல் அவருக்கும் இழுக்கு.

நம் இல்லங்களில்

இவ்வரலாற்றை இம்மலரில் எழுதக் காரணம் உண்டு. தாயகம் விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் பிள்ளைப்பேறு பெரும்பாலும் தொலைவில் நிகழ்கிறது. தாயோ மாமியாரோ சில வாரம் உடனிருந்து ஊர் திரும்புகின்றனர். கணவர் பணிக்குச் சென்றபின், நான்கு சுவருக்குள் கைக்குழந்தையோடு தனித்திருக்கும் இளந்தாய், தன் மனத்தில் பாய்ந்த நினைவை எவரிடம் சொல்வாள்? கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகத் தாயானவருள் ஏறத்தாழப் பாதிப்பேர், குழந்தைக்குத் தாமே தீங்கு செய்வதைப் போன்ற வேண்டா நினைவு ஒருமுறையேனும் வந்ததாகக் கூறினர். இதனை அவளிடம் யாரேனும் சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் அவள் உறங்கியிருப்பாள்! சொல்லாமையால், கத்தியை மறைத்து வைக்கிறாள், குழந்தையைக் குளிப்பாட்ட அஞ்சுகிறாள், தன்னையே வெறுக்கிறாள்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. நினைவு வந்தால் அதனோடு வாதிட வேண்டா, விரட்டவும் வேண்டா. இது வேண்டா நினைவு, வந்தது போல் போகும் என்று பெயரிட்டு, கையிலுள்ள பணியைத் தொடர்தல் வேண்டும். தெருவில் செல்லும் ஊர்வலத்தைத் திண்ணையிலிருந்து காண்பவர் அதனுள் இறங்குவதும் இல்லை. அதனைத் தடுத்து நிறுத்துவதும் இல்லை. குடும்பத்தார் ஒருவர் இதனைச் சொல்ல முன்வந்தால், சினாய் மலை மூத்தவரைப் போல நாம் திடுக்கிடாதிருத்தல் வேண்டும். ஆனால், "எனக்கு ஒன்றும் இல்லையே, நான் நல்லவன்தானே" என்று நாள்தோறும் நூறுமுறை கேட்டால் நூறுமுறையும் உறுதி கூறுவது உதவியாகாது. அது மன்ரேசாவின் பாவசங்கீர்த்தனமாகிவிடும். அன்போடு ஒருமுறை சொல்லி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதலே உதவி.

எல்லா நினைவையும் இவ்வாறு விட்டுவிடலாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் விருப்பம் எழுதல், தீங்கு செய்யத் துணிதல், கட்டளையிடும் குரல் கேட்டல், பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்க்கு உறக்கமே இன்றிப் பேச்சும் நடத்தையும் மாறுதல் ஆகியவை வேறு. இவற்றுக்கு அன்றே மருத்துவரை நாட வேண்டும். பெங்களூரில் 1974இல் உருவான நிம்ஹான்ஸ் நிறுவனம் எண்ணச் சுழற்சி நோய்க்கெனத் தனிப் பிரிவே நடத்துகிறது. மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்கியுள்ளது. 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த மாநிலத்திலிருந்தும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கடையிலும் அலுவலகத்திலும் பிறமொழி பேசி வாழ்கிறோம். ஆனால் நெஞ்சின் ஆழத்தில் உள்ளதைச் சொல்லத் தாய்மொழிதான் வேண்டும்.

வைத்தியரின் கதைக்குத் திரும்புவோம். அந்த நோயாளி செய்யத்தக்கது யாதாக இருந்தது? குரங்கை விரட்டிவிட்டு மருந்துண்ணக் காத்திருந்தான், காலமெல்லாம் காத்திருந்தான். குரங்கு இருக்குமிடத்தில் இருக்கட்டும் என்று விட்டு, அதன் எதிரிலேயே மருந்தைக் குடித்திருக்கலாம். பாலிச் சுத்தமும் பாலைவனத் துறவியரும் இன்றைய மருத்துவமும் நமக்குச் சொல்வது அதுவே. குரங்கு சிறிதுநேரம் அமர்ந்திருக்கும். பின்னர்த் தானே இறங்கிச் செல்லும்.